மொட்டைமாடித் துணிக்கொடியைத் திரும்பக் கட்ட விடுங்கள்: எங்கள் விடுதி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகி ஐயாவுக்கும் வார்டன் அம்மாவுக்கும் வணக்கம்.

மொட்டைமாடியில் இனி யாரும் துணி காயப்போடக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டி, கட்டியிருந்த கொடியையும் அறுத்துவிட்டீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து அபார்ட்மெண்டிலிருந்து பார்த்தால் பெண்களின் உள்ளாடை தெரிகிறதாம்.

இப்போது எங்கள் துணி எங்கே காய்கிறது என்று தயவுசெய்து ஒருமுறை வந்து பாருங்கள். நான்கு கட்டில் போட்ட அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கட்டில் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் நடுவே ஒரு நைலான் கயிறு. அதில் உள்ளாடைகளைப் போட்டு, ரூம் பெருக்க வருகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க மேலே ஒரு துண்டையும் போர்த்துகிறோம். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினாலும் காலையில் எலாஸ்டிக்கைத் தொட்டால் சில்லென்று ஈரம் இருக்கும். ஆபீஸ் பஸ் நிற்காது. அந்த ஈரத்தையே போட்டு, அதன்மேல் ஜீன்ஸையோ லெக்கின்ஸையோ மாட்டிக்கொண்டு ஓடுகிறோம். சென்னைப் புழுக்கத்தில் அது உடம்பிலேயே கிடந்து காய்கிறது.

படர்தாமரை என்கிற பூஞ்சைத் தொற்று வராமல் என்ன செய்யும்? என் அறைத்தோழிக்குத் தொடை இடுக்கில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் முதலில் வந்தது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டாள். அரிப்பு உடனே அடங்கியது. நிறுத்தியதும் வட்டம் வட்டமாக வயிறு வரைக்கும் படர்ந்துவிட்டது. அந்த க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தோல் டாக்டர்தான் பார்த்துச் சொன்னார். சிவப்பையும் அரிப்பையும் அது அமுக்கிவிடும், பூஞ்சை மட்டும் அடியில் சுகமாக வளரும். இவ்வகை க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதி போட்டும், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இப்போது பூஞ்சைக்கான சரியான க்ரீமை, தடிப்புக்கு வெளியே இரண்டு செ.மீ. வரைக்கும் தடவுகிறாள். தடிப்பு மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் விடாமல் போட வேண்டுமாம். நம் நாட்டில் இப்போது பரவும் பூஞ்சை வகைகளில் சில வழக்கமான மாத்திரைக்கே மசிவதில்லை என்பதால், பாதியில் விடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம், குளித்ததும் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். துண்டை யாரோடும் பகிரக் கூடாது. தளர்வான பருத்தித் துணியே போட வேண்டும். உள்ளாடையை வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, அயர்ன் பண்ணிப் போட வேண்டும்.

துண்டு வரைக்கும் அவளால் முடிகிறது. வெயிலுக்கு எங்கே போவாள்? அயர்ன் பாக்ஸ் வைத்திருந்தாலே கரண்ட் பில் என்று அபராதம் போடுகிறீர்கள்.

வார்டன் அம்மா, "சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது?" என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டீர்கள். தினமும் இரண்டு வேளை குளிக்கிற பெண் அவள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

தெருமுனை ஆண்கள் மேன்ஷனில் ஜட்டியும் பனியனும் ரோட்டைப் பார்த்து நாள் முழுக்கத் தொங்குகின்றன. அதை யாரும் அசிங்கம் என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் துணி மட்டும் இருட்டில் ஒளிந்து காய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? வாடகையும் அட்வான்ஸும் வாங்கும்போது எங்களிடம் ஒரு குறையும் தெரியவில்லையே!

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது பெரிய செலவே இல்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயில் நன்றாக விழும் இடம் சும்மாதான் கிடக்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பச்சை வலை கட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சங்கடம் இருக்காது. வலைக்கும் கயிற்றுக்கும் ஆகிற பணத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம். ஹாலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு அயர்ன் பாக்ஸ், ராத்திரி ஒரு மணி நேரம் போதும். ஆனால் முதலில் அந்தக் கொடியைக் கட்ட அனுமதி கொடுங்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு முடிவு சொல்லுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிலை அதே நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலும் சரிதான்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடியில் தங்கியிருக்கும் ஒரு பெண்