போன கிறிஸ்துமஸில் உங்களிடம் சொல்லாதது

ஸ்கார்பரோ, கனடா
நவம்பர் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பா, அண்ணன், அண்ணி, குட்டி எல்லோரும் சுகம்தானே? போனில் சொன்னால் "சரி மக்களே, பார்த்துக்கிடுதோம்" என்று வைத்துவிடுவீர்கள். எழுதி அனுப்பினால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசிப்பார். அதனால்தான் இந்தக் கடிதம். கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்குள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போன டிசம்பரில் நடந்த ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். நீங்கள் பயந்து தூங்காமல் கிடப்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை. நான் இருப்பது வீட்டின் கீழ்த்தளம், பேஸ்மென்ட். குளிர் காலத்தில் ஃபர்னஸ் என்ற பெரிய அடுப்பு கேஸில் எரிந்து வீடு முழுவதற்கும் சூடு தரும். எரிந்த புகை சுவரில் உள்ள குழாய் வழியாக வெளியே போகும். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது பனி கொட்டித் தீர்த்தது. இரண்டு நாளாக எனக்குத் தலைவலி, குமட்டல். நைட் டியூட்டி அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குப் போனால் சரியாகிவிடும், வீட்டுக்கு வந்து படுத்தால் திரும்பவும் வரும். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சுவரில் இருந்த அலாரம் கத்தியது. நான்கு முறை அடித்து நின்றது, மறுபடியும் நான்கு. புகை என்றால் மூன்று முறை அடிக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு என்றால் நான்கு முறை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேல் வீட்டுக்காரர்களையும் எழுப்பி வெளியே ஓடினோம். 911-ஐக் கூப்பிட்டோம். தீயணைப்புக்காரர்கள் கருவியோடு உள்ளே போய்ப் பார்த்தார்கள். வெளியே இருந்த குழாய் வாயைப் பனி மூடியிருந்தது. அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அம்மா, உள்ளங்கை அளவு இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான் அன்றைக்கு என்னை எழுப்பியது. இப்போது பனி விழுந்தால் முதலில் போய் அந்தக் குழாய் வாயைத்தான் துடைக்கிறேன்.

நம் வீட்டில் ஃபர்னஸ் இல்லை. ஆனால் அண்ணன் வாங்கிய ஜெனரேட்டர் இருக்கிறதே. கறண்டு போனால் மழையில் நனையக் கூடாது என்று வராந்தாவில் வைத்து ஓட்டுகிறார்கள் என்று அண்ணி சொன்னாள். அதன் புகையிலும் இதே வாயுதான் இருக்கிறது. ஜன்னல் திறந்திருந்தாலும் போதாது. வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி, புரயிடத்தில் ஒரு தகரக் கூரை போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மேல் வீட்டுக்காரர்கள் நிஜக் கிறிஸ்துமஸ் மரம் வாங்கி வைப்பார்கள். கடையிலிருந்து கொண்டுவந்ததும் அடியில் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டுத்தான் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துகிறார்கள். ஏன் என்று கேட்டேன். பழைய வெட்டைப் பிசின் அடைத்துக்கொள்ளுமாம், மரம் தண்ணீர் குடிக்காதாம். அப்பாவுக்கு இது உடனே புரியும்: ரப்பர் மரத்தில் நேற்றைய வெட்டில் ஒட்டுப்பால் உறைந்து மூடிவிடும், அதை உரித்துவிட்டுத்தானே இன்றைக்குப் பால் வெட்டுகிறோம். தண்ணீர் குடிக்காத மரம் காய்ந்துபோகும். காய்ந்த மரத்தில் தீப்பிடித்தால் அறை முழுக்கப் பரவ ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் சொன்னார், அவருடைய அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மரத்தில் நிஜ மெழுகுவர்த்திதான் ஏற்றுவார்களாம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு ஒருவர் காவல் நிற்பாராம். மரத்தில் முதன்முதலில் மின்விளக்கு எரிந்தது 1882-ல், நியூயார்க்கில். எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டில் போட்டார். அது எல்லா வீட்டுக்கும் வர ரொம்ப நாள் ஆயிற்று.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நம் குடில்தான் நினைவில் நிற்கிறது. வைக்கோல், காய்ந்த ஓலை, ஈத்தைக் கம்பு, மேலே பஞ்சு. அதற்குள் அண்ணன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கிய சீரியல் செட். அந்தக் குண்டு பல்புகள் தொட்டால் சுடும், வயரில் நாலு இடத்தில் டேப் சுற்றியிருக்கும். தயவுசெய்து இந்த வருஷம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள எல்இடி செட் வாங்குங்கள். காகித ஸ்டாருக்குள்ளும் எல்இடி பல்புதான். பலா மரத்துக்கு வயர் இழுத்தால் மழையில் நனையாத வயராகவும், சுவிட்ச் பெட்டி திண்ணைக்குள்ளும் இருக்கட்டும். குடிலுக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம், சொரூபத்துக்கு முன்னால்கூட வேண்டாம். ராத்திரிப் பூசைக்கு எல்லோரும் கிளம்பும்போது சீரியல் செட்டை அணைத்துவிட்டுப் போங்கள். முற்றத்து விளக்கு மட்டும் எரியட்டும். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பழக்கம் ஊருக்கே தெரியும் அம்மா, அதையும் விடுங்கள்.

முந்திரிக்கொத்துக்கு எண்ணெய் வைக்கும்போது சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வாசலில் கேரல் பாடுகிறவர்கள் வந்து கொட்டடித்தாலும், அடுப்பை அணைத்த பிறகுதான் அடுக்களையை விட்டு நகர வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைத் தட்டம் போட்டு மூடினால் தானாக அணையும். கை சுட்டுவிட்டால் மாவும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். உங்கள் இடது கையில் இருக்கும் தழும்புக்கு அன்றைக்கு நாங்கள் மையைத்தான் தடவினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. கேஸ் மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறங்கள். அந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். வெளியே வந்து கேஸ் அவசர உதவி எண் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

குட்டிக்கு நான் அனுப்பிய பாட்டுப் பொம்மையில் பொத்தான் மாதிரிச் சின்ன பேட்டரி இருக்கிறது. பேட்டரி மூடியின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று அண்ணன் பார்க்கட்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தொண்டைக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. பூசை முடிந்து வரும்போது தெரு முழுக்க விளக்குகள், பனியில் நிறம் நிறமாகத் தெரியும். அழகுதான். நம் முற்றத்து ஸ்டாரைத்தான் கண் தேடும். 25-ம் தேதி எனக்கு டியூட்டி, 26-ம் தேதி காலை போன் செய்கிறேன்.

அதற்குள் அப்பா ஒன்று செய்ய வேண்டும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் சுவிட்ச் ஒன்று வைத்தோமே, அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் வீட்டில் கறண்டு போக வேண்டும். போகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் புதிது மாட்டிய பிறகுதான் ஸ்டார் லைட். பணம் நான் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்