சீன மொழி வகுப்பில் இன்றைய சீனா எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்மொழிப் படிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு தொனிகளும் ஆயிரக்கணக்கான எழுத்துகளுமே சீனம் கற்பதற்குப் பெருந்தடை என்கிறது. பல்கலைக்கழகத்தில் அம்மொழியைப் பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது முதலாண்டுத் தொல்லை, மாணவர்கள் உண்மையில் திணறுவது இடைநிலையில்தான்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்கத்தக்கவையாகக் கொரிய மொழி முதல் ரஷ்ய மொழி வரை பலவற்றைக் குறிப்பிட்டாலும், முந்தைய வரைவில் இருந்த சீனத்தை விட்டுவிட்டது. ஆகவே, தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும், 1937இல் சீன பவனம் நிறுவப்பெற்ற சாந்திநிகேதனுக்குச் சென்றாலும், நம் மாணவர் பெரும்பாலும் முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சீன மொழித் திறனை அளக்கும் எச்.எஸ்.கே. தேர்வில், 2010 முதல் நடைமுறையிலிருந்த திட்டப்படி நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள் போதும். ஐந்தாம் நிலைக்கோ 2,500 வேண்டும். இந்த இருமடங்குச் சுமையைச் சமாளிப்பதிலேயே காலம் போய்விடுவதால், பண்பாட்டுத் தாள் ஒப்புக்கு நடக்கிறது. நான் பயின்ற துறையில் அத்தாள் ஆங்கிலத்தில், கன்பூசியஸிலும் வசந்த விழாவிலும் தேநீரிலும் சுற்றிச் சுற்றி வந்தது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெற்றோர் ஷென்ழென் நகரில் வேலை பார்க்க, மகள் மட்டும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவோவை எழுதச் சொந்த மாகாணத்துக்குத் திரும்புகிறாள் என்றொரு செய்தி வருவதாகக் கொள்வோம். 1958 முதல் மக்களைக் குடும்பத்தின் பதிவு ஊரோடு பிணைத்து, பெரும்பாலும் அங்கேயே இத்தேர்வை எழுத வைக்கும் 'ஹுகோவ்' என்னும் குடிப்பதிவு முறையை அறியாதவர், அச்செய்தியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருந்தும், அவள் ஏன் போகிறாள் என்பதைப் புரிந்துகொள்ள மாட்டார். ஒரு குழந்தைக் கொள்கையில் வளர்ந்த தலைமுறையின் திருமணத் தயக்கமும், முதிய பெற்றோரைப் பேணும் சுமையும் இப்படிப்பட்டவையே. இவற்றை மொழியிலிருந்து பிரித்துத் தனித்தாளாக்குவதால் பயனில்லை.

2020இல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்களுள் பலருக்குச் சீனாவில் தங்கிப் பயிலும் வாய்ப்பே கிட்டவில்லை.

எனவே, இடைநிலைப் பருவங்களில் வாரம் ஒரு நாளையேனும் சீன நாளிதழ்ச் செய்திக்கோ தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதிக்கோ ஒதுக்கி, அதைச் சீனத்திலேயே விவாதிக்கச் செய்ய வேண்டும். அங்குள்ள ஊடகங்கள் அரசின் கட்டுப்பாட்டில் இயங்குவதால், ஒரு செய்தி எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கவும் மாணவரைப் பழக்க வேண்டும். விவாதத்துக்கு மதிப்பெண்ணும் வேண்டும். தேர்வில் வராத ஒன்றுக்கு நம் வகுப்பறைகளில் என்ன மதிப்பு என்பது தாங்கள் அறியாததன்று.

இங்ஙனம்,
சீன மொழி பயின்ற வாசகர்,
சென்னை.