இடிக்கும் பட்டியலில் உள்ள எங்கள் பள்ளிப் பழைய கட்டடத்தை நேரில் ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
முன்னாள் மாணவர்கள் மற்றும் பெற்றோர்,
அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் பள்ளியில் இரண்டு கட்டடங்கள் இடிக்கும் பட்டியலில் உள்ளன. ஒன்றை இடிக்கத்தான் வேண்டும். மற்றதை இடிக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இம்மனு.

கொடிக்கம்பத்துக்கு வடக்கே உள்ளது கான்கிரீட் கட்டடம். இரண்டில் வயது குறைந்தது அதுதான். ஒன்பதாம் வகுப்பறையில் கரும்பலகைக்கு நேர் மேலே பூச்சு பெயர்ந்து, துருவேறிய கம்பி பல்லைக் காட்டுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காரையைத் தள்ளும். மேலே எத்தனை முறை பூசினாலும் நிற்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கான்கிரீட் கட்டடம் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

தெற்குக் கட்டடம் வேறு. மாவட்டப் பள்ளிகளைக் கவனித்த பழைய உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டு காலத்தில் எழுந்தது; ஊரார் நிலம் கொடுத்து, வண்டி கட்டிச் செங்கல் ஏற்றி வந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுவர் ஒன்றரை முழ அகலம். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குறுக்குவாட்டில் நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டை ஓடு பதித்தது. துருப்பிடிக்க அதில் கம்பியே இல்லை. மே மாத வெயிலிலும் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள்.

காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின்போது ஊரார் வாங்கிக் கொடுத்த பெஞ்சுகள் சில இன்னும் அங்கே கிடக்கின்றன. பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலத்து மாணவர்களும், 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் பத்தாம் வகுப்போடு வெளியேறிய நாங்களும் அதே தாழ்வாரத்தில், அதே தண்டவாளத் துண்டின் மணியோசைக்கு எழுந்து உட்கார்ந்தவர்கள்.

கட்டடத்தில் பழுதே இல்லை என்று சொல்ல வரவில்லை. சென்ற மாதம் தலைமை ஆசிரியர் அனுமதியோடு மாடியேறிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. மழைநீர்த் தூம்பு இரண்டிலும் சருகு அடைத்து, தேங்கிய நீர் மேற்கு மூலையில் இறங்குகிறது. அங்கே ஒரு தேக்குக் கட்டையின் சுவருக்குள் செருகிய நுனியில் விரலால் அழுத்தினால் தூளாக உதிர்கிறது. மற்ற கட்டைகளைத் தட்டினால் கணீரென்றது. எப்போதோ நல்ல எண்ணத்தில் சுவருக்கு சிமென்ட் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அதுதான் இப்போது பாளம் பாளமாகப் பெயர்கிறது. கீழே நின்று பார்ப்பவருக்குச் சுவரே உதிர்வதுபோலத் தெரியும். பட்டியல் போட்டவர் கண்ணிலும் அதுவே பட்டிருக்கும் என்று நினைக்கிறோம்.

எனவே, பழைய கட்டடப் பராமரிப்பில் அனுபவமுள்ள பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரை அனுப்பி, எழுத்துமூலமான உறுதித்தன்மை அறிக்கை பெறுமாறு வேண்டுகிறோம். அதுவரை அந்தக் கட்டடத்தைப் பூட்டியே வைக்கலாம். பிள்ளைகளை உள்ளே விடச் சொல்லவில்லை. கட்டடம் தேறாது என்று அவர் எழுதினால் மறுபேச்சு பேச மாட்டோம். தேறும் என்றால், சிமென்ட் பூச்சைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பிலேயே பழுதுபார்க்க ஆணையிடுங்கள். வடக்குக் கட்டடம் இருக்கும் இடத்தில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் புதிய வகுப்பறைகள் கட்டித் தரவும் கோருகிறோம்.

இன்னொன்று, இது அவசரம். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் அந்த ஒழுகும் மேற்கு மூலை அலமாரியில்தான் இருக்கின்றன. பிறந்த தேதிக்கு அந்த ஏடு தவிர வேறு சான்று இல்லாத முதியவர்கள் ஊரில் பலர். எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும், மழைக்கு முன் அவற்றை வேறு அறைக்கு மாற்ற உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
முன்னாள் மாணவர்கள், பெற்றோர்

இணைப்பு: மாடியில் எடுத்த புகைப்படங்கள், கையொப்பத் தாள்கள்.