இன்னொரு வாய்ப்பு கேட்ட பையனுக்கும் உங்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை மொட்டைமாடிக்கு ஏறினேன். பதினெட்டுப் படி. கைப்பிடியை ஒரு தடவைகூடத் தொடவில்லை. மேலே போய் மூச்சு வாங்கி நின்றபோது, இதற்குக் காரணமானவர்களுக்கு உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஏழு மாதத்துக்கு முன் மழையில் வண்டி சறுக்கி, வலது முழங்காலில் லிகமென்ட் அறுந்தது. ஆபரேஷன், அப்புறம் படுக்கை. சேர்ந்து இரண்டு மாதமே ஆன வேலையும் கையைவிட்டுப் போனது. அந்த நாட்களை விரித்து எழுத மனம் வரவில்லை. யாரோடும் பேசப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

முதல் நன்றி அக்கா மகனுக்கு. ஒன்பதாவது படிக்கிற பையன். "சித்தி, சுவரையே பாக்குறதுக்கு இதைப் பாரு" என்று லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனான். அதில் ஓடியது ஹைக்யூ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கைப்பந்து, அதாவது வாலிபால் என்றே பொருள். மியாகி மாகாணத்தில் கராசுனோ என்ற பள்ளி, ஒரு காலத்தில் பெயர் வாங்கி, பிறகு மங்கிப்போன அதன் அணி, அதில் சேரும் குட்டையான ஹினாதா. கார்ட்டூன்தானே என்று நினைத்துத்தான் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் அம்மாவும் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவுக்குத் திரையில் கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசிக்க வராது. அவன் பள்ளிவிட்டு வந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பான். தொண்டை கட்டியபோதும் நிறுத்தவில்லை.

எல்லோருக்கும் ஹினாதாவைப் பிடிக்கும். எனக்கு யமாகுச்சி. முதலாண்டு மாணவர்கள் நால்வரில் மற்ற மூவரும் களத்தில் இருப்பார்கள், அவன் மட்டும் பெஞ்சில். யாரும் சொல்லாமல் அவனே போய் அந்தப் பள்ளியின் பழைய ஆட்டக்காரர் ஷிமாதாவிடம் கேட்டு, எகிறி அடிக்கும் ஃப்ளோட் சர்வீஸ் கற்றுக்கொள்கிறான். ஷிமாதா கடை நடத்துகிறவர். கோச் உகாயும் குடும்பக் கடையைப் பார்த்துக்கொண்டே பயிற்சி தருகிறவர்தான். சொந்தப் பிழைப்புக்கு நடுவில் பிறருக்காக நேரம் ஒதுக்கும் அப்படிப்பட்ட மனிதர்கள் என்னைச் சுற்றியும் இருந்தார்கள்.

சித்தப்பா, உங்களைத்தான் சொல்கிறேன். வயல் வேலை முடித்து ராத்திரி எட்டு மணிக்கு வந்து, பாதி இட்லியோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். ஊர் டீமில் ஆடிய கை. "இந்த சர்வீஸ்ல பந்து சுத்தவே கூடாது. உள்ளங்கை அடிப்பக்கத்தால பட்டுன்னு தட்டி நிறுத்திரணும். சுத்தாத பந்தைக் காத்து அங்கயும் இங்கயும் ஆட்டும், எடுக்கிறவன் திணறிப்போவான்" என்று ஆரஞ்சுப் பழத்தைத் தட்டிக் காட்டினீர்கள். அது பீரோவுக்கு அடியில் ஓடியது. பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் நான் சத்தமாகச் சிரித்தேன்.

பிசியோதெரபி அக்காவுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. என் முழங்கால் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்காமல் நின்றது. குதிகாலுக்கடியில் துண்டை விரித்து மெதுவாக இழுக்கச் சொல்வார். வலி வருவதற்கு முன்பே "வலிக்குது" என்று சொல்லிவிடுவேன். மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயம். அவர் நம்பி நிறுத்திவிடுவார். மூன்று வாரம் இப்படியே போனது.

அப்போதுதான் இரண்டாம் சீசனில் வாகுதானி மினாமி என்ற பள்ளி அணியோடு நடக்கும் ஆட்டம் வந்தது. முன்பு ஒரு தடவை யமாகுச்சியின் சர்வீஸ் வலையைத் தாண்டவில்லை. இந்த முறை அவனை இறக்குகிறார்கள். நெருக்கடியான நேரம். பழகிய சர்வீஸை அடிக்காமல், தவறாது என்று தெரிந்த சாதாரண சர்வீஸைப் போட்டுவிடுகிறான். பந்து வலையைத் தாண்டியது. ஆனாலும் பெஞ்சுக்குத் திரும்பும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் பயந்து ஓடிவிட்டது அவனுக்குத் தெரியும். பிறகு உகாயிடம் தானே போய் இன்னொரு வாய்ப்பு கேட்கிறான். எனக்கு அழுகை வந்தது. அம்மா எதுவும் கேட்காமல் முதுகில் கை வைத்தார்.

மறுநாள் பிசியோ அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, "சரி, இன்னைக்கு நீங்க உண்மையா நிறுத்தச் சொல்ற வரைக்கும் போவோம்" என்றார். கோணத்தை அளந்து பார்த்தபோது 104. அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா, அந்த ஒரு காலைவேளைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அடுத்து அவோபா ஜோசாய் பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தில் யமாகுச்சி சர்வீஸ் போட வந்தபோது வீட்டில் நாலு பேரும் மூச்சுவிடவில்லை. பந்து ஆடி ஆடிப் போய் விழுந்தது. சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

என் கடிதம் எட்டாத சிலருக்கும் நன்றி. 2012 முதல் 2020 வரை 402 அத்தியாயங்களாக இந்தக் கதையை முதலில் காமிக்ஸாக வரைந்த ஃபுருதாதே ஹாருஇச்சிக்கு. பெஞ்சில் இருப்பவனுக்கும் இவ்வளவு இடம் கொடுக்க அவருக்குத் தோன்றியதே! பந்து கையில் படும் ஓசையைக்கூட என் அறைக்குள் கொண்டுவந்த புரொடக்‌ஷன் ஐ.ஜி. ஸ்டுடியோவின் கலைஞர்களுக்கு. உகாய்க்குக் குரல் கொடுத்த தனாகா கசுனாரிக்கு. மூன்றாம் சீசன் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 2016 அக்டோபரில், 49 வயதில் அவர் காலமானார். எனக்கு அந்தக் குரல் அறிமுகமாகும்போது அவர் இல்லை. யமாகுச்சியை மறுபடி களத்தில் இறக்கிய கோச்சின் குரல் அது, என் காதில் இன்னும் இருக்கிறது.

அம்மா, உனக்குத் தனியாக எழுத வரவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்த ராத்திரிகளை நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

குதிக்க இன்னும் அனுமதி இல்லை. நின்றபடி சர்வீஸ் போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர் மைதானத்துக்கு வா, பந்து நான் கொண்டுவருகிறேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். பந்து பொறுக்க அக்கா மகனும் வருகிறான்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்