ஹெர்மெட்டோ வேடிக்கை மனிதர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பரில் தமது 89ஆம் வயதில் மறைந்த பிரேசில் இசைமேதை ஹெர்மெட்டோ பாஸ்கோலைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவரை நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆனால், தேநீர்க் கெட்டிலை ஊதியவர், ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் பன்றிகளைக் கொண்டுவந்தவர் என்ற அளவிலேயே அது நின்றுவிட்டது மனத்தை உறுத்துகிறது.

பிறவியிலேயே நிறமி இல்லாத உடலோடு 1936இல் அலகோவாஸ் மாநிலத்தின் லகோவா டா கனோவா என்ற ஊரில் பிறந்து, வெயிலில் வயல்வேலை செய்ய இயலாதிருந்த அந்தச் சிறுவன், கொல்லரான தாத்தாவின் பட்டறையில் மிஞ்சிய இரும்புத் துண்டுகளைத் துணிக்கொடியில் தொங்கவிட்டுத் தட்டி ஓசை பிரித்தறிந்தான். பூசணிக் காம்பைக் குழலாக்கிப் பறவைகளுக்கு ஊதினான். தந்தையின் சிறு அக்கார்டியனைத் தானாகவே பழகிக்கொண்டான். கெட்டில் என்பது மேடைக்காகப் பின்னாளில் கண்டுபிடித்த உத்தி அன்று.

1984இல் பிறந்த ஊரின் பெயராலேயே அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பில், கால்பந்து வர்ணனையாளரின் குரலை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் அசையும் எந்தச் சுரத்தில் விழுகிறதென்று கண்டு, அதை அப்படியே விசைப்பலகையில் உடன் வாசித்திருப்பார். முதல்முறை கேட்கையில் சிரிப்புத்தான் வரும். திரும்பத் திரும்பக் கேட்டால், வெறும் கத்தலென்று நினைத்தது மெட்டாகத் தெளிந்து வருவதையும், அதன்பின் எந்தப் பேச்சையும் பேச்சாக மட்டும் கேட்க முடியாமற்போவதையும் உணரலாம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'லைவ்-ஈவில்' தொகுப்பில் ஹெர்மெட்டோவின் ஆக்கங்கள் இடம்பெற்றபோது, இயற்றியவராக முதலில் அச்சானது டேவிஸின் பெயரே என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். உலகில் யாருக்கும் பிறந்தநாளில் ஓர் இசை இருக்க வேண்டுமென்று 1996 ஜூன் 23 முதல் ஓராண்டு முழுக்க நாளுக்கொன்றாக அவர் இயற்றியவை நூலாகவே வந்துள்ளன. அவ்வளவையும் உழைத்து ஆக்கியவர், 2008இல் தம் படைப்புகளை எந்த இசைக்கலைஞரும் கட்டணமின்றிப் பதிவுசெய்துகொள்ளலாம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தொகுப்புகளைப் பற்றி, சுரக்குறிப்பு வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்து வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி