பருவுக்கு லேசர்: மாநிறத்தோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அழகு நிலையங்களில்கூட முகப்பருவுக்கு ஐ.பி.எல். எனும் தீவிரத் துடிப்பொளி அடிக்கிறார்கள். மாநிறத் தோலில், நிறம் தரும் மெலனின் அதிகம். பருவுக்குப் போக வேண்டிய ஒளியை அதுவே உறிஞ்சிச் சூடேறும். முதலில் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பு. பருவைவிட இதுதான் பெரிய வேதனை! 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் என்ற வகை லேசரில் இந்த ஆபத்து குறைவு. ஆற்றலைக் கூட்டினால் அதுவும் சுடும். பருவுக்கு அடிக்கும் இன்னொரு ஒளியான 415 நானோமீட்டர் நீல ஒளி, கட்டிப் பருக்களுக்கு அவ்வளவாக உதவாது.

டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் போன்ற பரு மாத்திரைகள் சாப்பிட்டால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். வெயிலில் கறுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். முதலில் காதோரம் சிறு இடத்தில் ஒளியை அடித்துச் சில நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்கவசம் தராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு பூச்சுகளை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசிப் பார்க்காமல் லேசருக்குப் பணம் கட்டாதீர்கள்.

– தோல் மருத்துவர், மதுரை