சான்டோரினியின் மற்ற ஊர்களில் ஒன்றும் இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, கிரீஸ் நாட்டின் சான்டோரினி தீவு பற்றிய பயணக் கட்டுரையில், ஓயாவையும் ஃபிராவையும் பார்த்தால் போதும், மற்ற ஊர்களில் பார்க்க ஒன்றும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அடுத்த பத்தியிலேயே, கூட்டம் தாங்க முடியவில்லை, சூரியன் மறைவதைப் பார்க்கப் போனால் மனிதத் தலைகள்தான் தெரிந்தன என்று புலம்பல். எழுதியவர் இளையவராக இருக்கலாம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருடமாகப் பயணக் கட்டுரைகளை அச்சுக்கு அனுப்பிவரும் தங்கள் கண்ணில் இது எப்படிப் படாமல் போனது என்பதுதான் என் வருத்தம்.

என் மகள் ஏதென்ஸில் வேலை பார்க்கிறாள். அவள் புண்ணியத்தில் அந்தத் தீவுக்கு ஆகஸ்டிலும் போயிருக்கிறேன், அக்டோபர் கடைசியிலும் போயிருக்கிறேன். தங்களுக்குத் தெரியாததில்லை, அங்கே பகல் கூட்டத்தில் பெரும்பங்கு குரூஸ் கப்பல்களில் வருவது. கப்பல்கள், பழைய எரிமலை வெடிப்பில் உண்டான பள்ளத்தில் நிரம்பிய கடலிலேயே நின்றுவிடும். சிறு படகில் பழைய துறைமுகத்துக்கு வந்து, கேபிள் காரிலோ கழுதையிலோ படியேறியோ ஃபிராவுக்கு வருவார்கள். அங்கிருந்து ஓயா. அவர்களில் பெரும்பாலானோர் இரவு தங்குவதில்லை. அதனால் காலை ஏழு மணிக்கு ஓயா போனால், கடைக்காரர்கள் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பார்கள், நாம் நிதானமாக நடக்கலாம். அஸ்தமனம்தான் வேண்டுமென்றால் பக்கத்து ஊரான இமரோவிக்லியிலிருந்தும் அதே சூரியன்தானே தெரிகிறது?

சரி, அந்த 'ஒன்றும் இல்லை'க்கு வருகிறேன். தீவின் தெற்கே அக்ரோத்திரி. சுமார் 3,600 வருடத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். 1967-இல் மரினாட்டோஸ் என்ற தொல்லியலாளர் தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய், தானிய ஜாடிகள் எல்லாம் கூரைக்குக் கீழே நடந்து பார்க்கும்படி இருக்கின்றன. மனித எலும்புக்கூடுகள் அநேகமாக இல்லை, மக்கள் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அந்தக் காலிப் படிக்கட்டுகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். கட்டுரையில் அந்த ஊரின் பெயர்கூட இல்லை.

பிர்கோஸ் மேட்டில் ஏறினால் தீவு முழுக்கத் தெரியும். எம்போரியோவில் கடற்கொள்ளையருக்குப் பயந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய கோட்டை வீடுகளில் இன்றும் குடியிருக்கிறார்கள். வழியெல்லாம் காற்றுக்குத் தாங்கும்படி கொடியைத் தரையோடு கூடையாகச் சுற்றி வளர்க்கும் அசிர்டிகோ என்ற வகைத் திராட்சைத் தோட்டங்கள். மெகலோஹோரியில் ஒரு சிறு உணவகத்தில் ஃபாவா சாப்பிட்டேன். அந்த மண்ணில் விளையும் மஞ்சள் பருப்பு, நம் வீட்டுப் பருப்பு மசியல் மாதிரியே இருந்தது. எதிரே இருக்கும் திராசியா தீவுக்கு ஓயாவின் கீழிருக்கும் அம்முடியிலிருந்து படகு உண்டு. அங்கே சில நூறு பேர்தான் வாழ்கிறார்கள்.

கழுதைச் சவாரியைத் தவறவிடாதீர்கள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிகளில் வெயிலில் அவை ஏறுவதைப் பார்த்தவள் நான். 100 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்று 2018-இலேயே கிரீஸ் அரசு விதி கொண்டுவர வேண்டிவந்தது. மாடிச் சுவரில் ஏறி நின்று படம் எடுக்கலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. அந்த மாடி யாரோ ஒருவர் வீட்டுக் கூரை ஐயா! ஓயாவில் ஒரு மூதாட்டி காய்கறிப் பையோடு, படம் எடுப்பவர்கள் விலகுவதற்காகத் தன் வீட்டு வாசலிலேயே காத்து நின்றதைப் பார்த்தேன். ஏறத்தாழ 15,000 பேர் வாழும் தீவுக்கு 2023-இல் சுமார் 34 லட்சம் பேர் வந்ததாகச் செய்திகள் சொல்லின. கப்பல் பயணிகள் நாளொன்றுக்கு 8,000 பேர் என்று உச்சவரம்பு, 2025 கோடையிலிருந்து நெரிசல் மாதங்களில் தலைக்கு 20 யூரோ கட்டணம் என்றெல்லாம் வந்தாயிற்று. இதில் ஒரு வரியாவது போட்டிருக்கக் கூடாதா?

கொடைக்கானல் கட்டுரையிலும் இதே கதைதான்: ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, அப்புறம் நெரிசல் பற்றிய அலுப்பு. அப்போதும் எழுதினேன். கடிதத்தின் பாராட்டுப் பகுதியை மட்டும் பிரசுரித்தீர்கள். எங்களைப் போன்றவர்கள் சேமிப்பைச் செலவழித்து, முழங்கால் வலியோடு கிளம்புகிறோம். தங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறோம். அந்த நம்பிக்கைக்காவது கொஞ்சம் மதிப்புக் கொடுங்கள்.

நான் கேட்பது ஒரு சிறு பெட்டிச் செய்திதான். சான்டோரினியில் பஸ்கள் ஃபிராவிலிருந்துதான் பிரிகின்றன, ஊர் மாறிப் போக அங்கே இறங்கி ஏற வேண்டும். ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி, அக்டோபர் ஆகியவை நெரிசல் குறைந்த காலம். குளிர்காலத்தில் பல விடுதிகள் மூடியிருக்கும். இவற்றோடு மேலே சொன்ன ஊர்களின் பெயர்களையும் அடுத்த இதழில் போடுங்கள். கழுதை பற்றிய வரியையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்